நாலு கோர் மைக் வயரில் ஆர்சிஏ கேபிள்: ஷீல்டை ஒரு முனையில் கட்டுவதா, இரண்டு முனையிலுமா?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்)

வணக்கம் நண்பர்களே. நெல்லிக்குப்பத்தில் மைக் செட் வாடகைக்கு விடும் நண்பர் ஒருவர் கடையை ஒழித்தபோது ஒரு சுருள் மைக் வயரை என் தலையில் கட்டிவிட்டார். உறையைச் சீவிப் பார்த்தேன். உள்ளே நாலு கோர் (உறை போட்ட உள் கம்பி): இரண்டு நீலம், இரண்டு வெள்ளை. நாலும் ஒன்றாக முறுக்கிக்கொண்டு போகின்றன. இடையில் பஞ்சு நூல், மேலே நெருக்கமாகப் பின்னிய செம்பு ஷீல்டு (வெளித் தொல்லை சிக்னலில் ஏறாமல் தடுக்கும் உறை). நல்ல சரக்கு என்றுதான் படுகிறது. இதை வைத்து ஆர்சிஏ கேபிள் (ஆடியோ பெட்டிகளை இணைக்கும் சாதாரண கேபிள்) செய்துகொள்ளலாம் என்று எண்ணம்.

செட் இதுதான். ஒரு டாக் (டிஜிட்டலை ஆடியோவாக மாற்றும் பெட்டி), அதற்கு அடுத்து 50கே பாட் (50 கிலோஓம் வால்யூம் கன்ட்ரோல்) மட்டும் போட்ட சின்ன வால்யூம் பெட்டி, அப்புறம் டிடிஏ7294 ஐசி போட்டு அசெம்பிள் செய்த ஆம்ப். பெட்டியிலிருந்து ஆம்புக்கு ஒன்றரை மீட்டர் வேண்டும். அதே பெட்டியிலிருந்து ஹாலின் மறுகோடியில் இருக்கும் பவர்டு சப்வூஃபருக்கு (ஆம்ப் உள்ளேயே இருக்கும் பாஸ் ஸ்பீக்கர்) 6 மீட்டர்.

ஆர்சிஏ பின்னில் இருப்பதோ இரண்டே இடம், நடுப் பின்னும் பாடியும். வயரில் நாலு கோர், ஒரு ஷீல்டு, ஆக ஐந்து. எதை எதோடு சேர்ப்பது? ஷீல்டை ஒரு பக்கம் மட்டும் கட்டினால்தான் ஹம் (மெயின்ஸ் உறுமல்) வராது என்று ஒருவர் சொல்கிறார். இரண்டு பக்கமும் கட்டு என்கிறார் இன்னொருவர். வீட்டில் லேன் கேபிளும் மீதி கிடக்கிறது, அது ஆகுமா?


ஓ.டி. சவுண்ட் (கடலூர் ஓ.டி.)

தம்பி, இரண்டு நீலத்தையும் சேர்த்து முறுக்கி நடுப் பின். இரண்டு வெள்ளையையும் ஷீல்டையும் சேர்த்து பாடி. இரண்டு முனையிலும் அப்படியே. வேலை முடிந்தது.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள். ஒரே நிறம் எதிரெதிராக இருக்கும், பக்கத்தில் பக்கத்தில் இருக்காது. சில மலிவு வயரில் நாலும் நாலு நிறம். அதில் குறுக்கே வெட்டி முகத்தைப் பார்த்து, எதிரெதிர் கோரைத்தான் ஜோடி சேர்க்க வேண்டும். பக்கத்துக் கோர்களை ஜோடி சேர்த்தால் நாலு கோர் வாங்கியதற்கே அர்த்தம் இல்லை.


வில்லியனூர் வால்வு (புதுச்சேரி)

அண்ணன் சொன்னதில் பாதிக்கு எனக்கு உடன்பாடு. நீலம் நடுப் பின், வெள்ளை பாடி, அது சரி. ஆனால் ஷீல்டை டாக் பக்கம் மட்டும் பாடியோடு சேருங்கள். ஆம்ப் பக்கம் வெட்டிவிட்டு ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடிவிடுங்கள். பெரிய கம்பெனி கேபிளில் அம்புக்குறி போட்டிருப்பார்களே, அது எலக்ட்ரான் ஓடும் திசை இல்லை, ஷீல்டு எந்தப் பக்கம் கட்டியிருக்கிறது என்பதற்கான அடையாளம். அப்படிக் கட்டினால் ஷீல்டில் கரண்ட் ஓடாது. கரண்ட் ஓடாவிட்டால் ஹம் ஏது? என் வால்வு ஆம்புக்கு இப்படித்தான் போட்டிருக்கிறேன், நிசப்தமாக இருக்கிறது.


லாஸ்பேட்டை ஓம் (புதுச்சேரி)

இந்த விஷயத்தில் ஊர் பூராவும் இரண்டு கட்சி. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், நாலு கோர் எதற்கு வந்தது என்று பார்ப்போம். மேடையில் மைக் வயர் விளக்கு டிம்மர் ஒயருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் பக்கத்திலேயே ஓடும். அவற்றின் காந்தப்புலத்தைச் செம்பு ஷீல்டு தடுக்காது. 50 ஹெர்ட்ஸில் அதைத் தடுக்கத் தடித்த இரும்புக் குழாய் வேண்டும். காந்தப்புலம் ஒயரில் எவ்வளவு ஹம்மைத் தூண்டும் என்பது, போகும் கோருக்கும் திரும்பும் கோருக்கும் நடுவே உள்ள பரப்பைப் பொறுத்தது. எதிரெதிர் கோர்களை ஜோடி சேர்த்தால் இரண்டு ஜோடிக்கும் அச்சு ஒன்றே. பரப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். அண்ணன் எதிரெதிர் என்று அழுத்திச் சொன்னது இதனால்தான்.

ஆனால் கெடிலக்கரை, உங்கள் வீட்டு ஹாலில் டிம்மர் ரேக் எதுவும் இல்லை. வீட்டில் வரும் ஹம் பத்தில் எட்டு தடவை காந்தப்புலத்தால் வருவதில்லை. எர்த் வழியாகச் சுற்றும் கரண்டால் வருகிறது. இங்கேதான் வால்வு நண்பரோடு எனக்கு வழக்கு.

பேலன்ஸ்டு லைனில் (மேடை மைக் இணைப்பு மாதிரி) மூன்று ஒயர்: பிளஸ், மைனஸ், ஷீல்டு. அங்கே ஷீல்டை ஒரு முனையில் கழற்றினால் இரண்டு பெட்டிகளின் பாடிக்கும் இடையே தொடர்பு அறுந்துவிடும், எர்த் சுற்றும் அறுந்துவிடும். ஆர்சிஏவில் அப்படி இல்லை. ஷீல்டை வெட்டினாலும், வெள்ளைக் கோர் இந்தப் பெட்டியின் பாடியையும் அந்தப் பெட்டியின் பாடியையும் இணைத்துக்கொண்டுதான் இருக்கிறது. எர்த் சுற்று அப்படியே இருக்கிறது. ஷீல்டில் ஓடாத கரண்ட் முழுவதும் இப்போது வெள்ளைக் கோரில் ஓடும். அந்தக் கோர்தான் சிக்னலின் திரும்பு வழியும்கூட. அதன் ரெசிஸ்டன்ஸில் விழும் வோல்டேஜ் நேராகச் சிக்னலோடு கூடிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 கேஜ் செம்பு மீட்டருக்கு சுமார் 0.084 ஓம். இரண்டு கோர் இணை என்றால் அதில் பாதி. 6 மீட்டருக்கு கால் ஓம். ஒரு பேச்சுக்கு 4 மில்லியாம்பியர் எர்த் கரண்ட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கால் ஓமில் 1 மில்லிவோல்ட் ஹம். டாக்கிலிருந்து வருவது 2 வோல்ட் என்பதால் இது தூசு என்று தோன்றும். ஆனால் உங்கள் வால்யூம் பெட்டி கேபிளுக்கு முன்னால் இருக்கிறது. ராத்திரி மெதுவாகக் கேட்கும்போது கேபிளில் 20 மில்லிவோல்ட்தான் போகும். 20க்கு 1 ஹம். வெறும் 26 டெசிபல் இடைவெளி. வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாலும் அந்த 1 மில்லிவோல்ட் போகாது. டிடிஏ7294ஐ டேட்டாஷீட் சர்க்கிட்டில் போட்டிருந்தால் கெய்ன் 30 டெசிபல், அதாவது முப்பது மடங்குக்கு மேல். ஸ்பீக்கரில் காது வைக்காமலே கேட்கும்.

ஷீல்டை இரண்டு முனையிலும் வெள்ளையோடு சேர்த்தால் திரும்பு வழியின் ரெசிஸ்டன்ஸ் பாதிக்கும் கீழே இறங்கும். ஹம்மும் அதே அளவு இறங்கும். ஆர்சிஏ கேபிளுக்குத் தடித்த பின்னல் ஷீல்டு வேண்டும் என்று ஜென்சன் ட்ரான்ஸ்ஃபார்மர்ஸின் பில் விட்லாக் பல வருடமாகச் சொல்லி வந்தது இதைத்தான். அம்புக்குறி கேபிள் ஒன்றும் தெய்வக் குற்றம் இல்லை, குறுகிய நீளத்தில் வித்தியாசமே தெரியாது. ஆனால் 6 மீட்டருக்கு என் ஓட்டு ஓ.டி. அண்ணனுக்குத்தான்.


வில்லியனூர் வால்வு

என் வீட்டில் ஹம் இல்லை என்பது உண்மைதானே? அதற்கு என்ன சொல்கிறீர்கள்?


லாஸ்பேட்டை ஓம்

உங்கள் டாக், ஃபோன் சார்ஜர் மாதிரி இரண்டு பின் அடாப்டரில் ஓடுகிறதா? அப்படியானால் அந்தப் பக்கம் எர்த்தே இல்லை, சுற்றும் இல்லை. ஷீல்டை எங்கே கட்டினாலும், கட்டாமலே விட்டாலும் உங்களுக்கு நிசப்தம்தான்.


வில்லியனூர் வால்வு

இரண்டு பின்தான். சரி, மேலே பேசுங்கள்.


குருசுக்குப்பம் ரெக்கார்டு (புதுச்சேரி)

பெரியவர்கள் பேசட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், இங்கே நான்தான் பெரியவன் போலிருக்கிறது.

ஷீல்டு இரண்டு முனையிலும் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் ரேடியோ அலை. புதுச்சேரி வானொலி 1215 கிலோஹெர்ட்ஸில் கணீரென்று வந்த காலத்தில், என் ரெக்கார்ட் ப்ளேயரில் தட்டு சுற்றாதபோதும் செய்தி கேட்கும். ஒரு முனை திறந்து கிடக்கும் ஷீல்டு, உயர் அதிர்வெண்ணில் ஷீல்டாக வேலை செய்யாது, கிட்டத்தட்ட ஏரியலாகவே ஆகிவிடும். ப்ரீஆம்பின் முதல் ட்ரான்சிஸ்டர் அதைப் பிடித்து டிடெக்ட் செய்து ஒலியாக்கிவிடும். ஷீல்டை இரண்டு பக்கமும் பாடியில் சுற்றிப் பற்றவைத்து, உள்ளீட்டில் ரேடியோ அலையைத் தடுக்கும் ஒரு ஃபெர்ரைட் மணியும் கோத்த பிறகுதான் செய்தி வாசிப்பவர் விடைபெற்றார். இப்போது மீடியம் வேவ் போய் செல்ஃபோன் வந்துவிட்டது. ஃபோனை ஆம்ப் மேல் வைத்தால் சில செட்டுகளில் டிட் டிட் டிட் என்று வருமே, அதே கதைதான்.

ஷீல்டின் முனையைச் சரியான இடத்தில் கட்டாததால் வரும் தொல்லைகளை நீல் மன்ஸி 1995இல் ஏஇஎஸ் (ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி) ஜர்னலில் விரிவாக எழுதினார். பெட்டிக்குள் நுழைந்த ஷீல்டு சர்க்கிட் போர்டுக்கு ஓடாமல் உடனே உலோக உடம்பில் சேர வேண்டும் என்பதுதான் சாரம். அசெம்பிள்டு ஆம்ப் வைத்திருக்கிறவர்கள் பின்னால் திறந்து பாருங்கள். ஆர்சிஏ சாக்கெட்டின் பாடியிலிருந்து ஒரு மெல்லிய கறுப்பு ஒயர் நீளமாக வளைந்து போர்டுக்குப் போயிருக்கும். வெளியே எவ்வளவு நல்ல கேபிள் போட்டாலும் அந்த ஒரு சாண் ஒயர் கெடுத்துவிடும்.

ரெக்கார்ட் ப்ளேயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்த நாலு கோரை அதற்குப் போடாதீர்கள். கெபாசிட்டன்ஸ் (கோர்களுக்கு இடையே மின்னூட்டம் தேங்கும் அளவு) அதிகம். மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜின் (தட்டிலிருந்து ஊசி வழியாகச் சிக்னல் எடுக்கும் பாகம்) காயில் அரை ஹென்றி என்றால், 200 பிகோஃபாரடோடு அது 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ரெசனன்ஸ் ஆகும். 500 ஆனால் 10 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பாட்டுக்காரர் ஸ, ஷ சொல்லும் இடமெல்லாம் காதில் குத்தும். சண்டே மார்க்கெட்டில் தேடிப் பிடித்து வாங்கிய தட்டை இப்படியா கேட்பது?


கெடிலக்கரை

ஐயா, ஓம் சார், மிக்க நன்றி. கெபாசிட்டன்ஸ் என்றதும் பயம் வந்துவிட்டது. என் 6 மீட்டருக்கு அது எவ்வளவு ஆகும்? சப்வூஃபருக்குத்தானே போகிறது, அதில் ட்ரெபிள் போனால் என்ன நஷ்டம்?


2கே ஆடியோ (நெய்வேலி)

ப்ரோ, ஹம் வந்தா சப்வூஃபரோட எர்த் பின்னைக் கழட்டி விடுங்க. நாங்க எல்லாரும் அப்படித்தான். கேபிளே மாத்த வேணாம்.


ஓ.டி. சவுண்ட்

2கே தம்பி, இந்த யோசனையை இன்னொரு முறை இங்கே எழுதாதே. எர்த்தைக் கழற்றினால் ஹம் போகும்தான். ட்ரான்ஸ்ஃபார்மர் லீக்காகி சப்பின் உலோக உடம்பில் 230 வோல்ட் வந்தால், அது போக வேறு வழி இல்லாமல் ஆர்சிஏ கேபிள் வழியாக உன் ஆம்பின் பாடிக்கு வரும், அங்கிருந்து உன் கைக்கு வரும். மழைக்காலத்தில் ஈரத் தரையில் நின்று மைக் பிடித்தவர்கள் அடிபட்டதை நேரில் பார்த்தவன் சொல்கிறேன். எர்த் சுற்றை அறுக்க வேண்டுமென்றால் சிக்னலில் அறுக்க வேண்டும், ஆடியோ ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டு. மெயின்ஸில் கை வைக்காதே.


2கே ஆடியோ

சரிண்ணே. புரிஞ்சது.


லாஸ்பேட்டை ஓம்

கெடிலக்கரை, கேள்வி நல்ல கேள்வி. ஆனால் பதில் நீங்கள் நினைக்கிற மாதிரி வராது.

நாலு கோரை ஜோடி சேர்த்து ஷீல்டையும் ரிட்டர்னோடு கட்டினால் கெபாசிட்டன்ஸ் ஏறும். என்னிடம் இருக்கும் ஒன்றரை மீட்டர் துண்டு, கெபாசிட்டன்ஸ் மீட்டரில் 270 பிகோஃபாரட் காட்டியது. மீட்டருக்கு 180 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க: லேன் கேபிளின் ஒரு ஜோடி மீட்டருக்கு 50 சொச்சம், ஃபோம் போட்ட டிஷ் வயரும் ஏறக்குறைய அதே.

இந்த எண் மட்டும் தனியாக எதுவும் செய்யாது. அதை ஓட்டும் பக்கத்தின் இம்பீடன்ஸோடு (ஏசி சிக்னலுக்கு உள்ள எதிர்ப்பு) சேர்ந்துதான் ட்ரெபிளை வெட்டும். டாக்கின் வெளியீடு 600 ஓம் என்றாலும், 6 மீட்டரை நேராக மாட்டினால் வெட்டு (3 டெசிபல் குறையும் இடம்) 245 கிலோஹெர்ட்ஸில் விழும். வௌவால்கூடக் குறை சொல்லாது. ஆனால் உங்கள் கேபிளை ஓட்டுவது டாக் இல்லை, நடுவில் இருக்கும் 50கே பாட். பாட் பாதியில் (எலக்ட்ரிக்கல் பாதி, 6 டெசிபல் குறைப்பு) நிற்கும்போது அதன் வெளியீட்டு இம்பீடன்ஸ் 12.5 கிலோஓம்.

சப்வூஃபருக்குப் போகிற கேபிளில் ட்ரெபிள் போனால் என்ன என்கிறீர்கள். சப்புக்கு ஒன்றும் இல்லை, அது 100 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் கேட்கப்போவதில்லை. ஆனால் சப் கேபிளும் ஆம்ப் கேபிளும் ஒரே வால்யூம் பாட்டின் ஒரே காலில் தொங்குகின்றன. சப்புக்குப் போகும் 6 மீட்டரின் கெபாசிட்டன்ஸ் உங்கள் மெயின் ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலையும் சேர்த்துத்தான் தரைக்கு இழுக்கும். ஏழரை மீட்டர், 1350 பிகோஃபாரட், 12.5 கிலோஓம். வெட்டு விழும் இடம் 9.4 கிலோஹெர்ட்ஸ். சப் கேபிளை மாட்டியதும் ஜால்ரா சத்தம் மங்கும், கழற்றியதும் திரும்பி வரும். கேபிளை மாற்றினால் சவுண்டே மாறுகிறது என்று கடைக்காரர்கள் சொல்லும் கதைகளில் பாதி இந்த மாதிரி செட்டில் பிறந்தவை. அங்கே அது பொய்யும் இல்லை. காரணம்தான் அவர்கள் சொல்வது இல்லை.


வில்லியனூர் வால்வு

ஓம் சார், இந்த முறை நான் உங்களைப் பிடித்துவிட்டேன். ஆம்பின் உள்ளீட்டு ரெசிஸ்டன்ஸை விட்டுவிட்டீர்கள். டிடிஏ7294 டேட்டாஷீட் சர்க்கிட்டில் அது 22கே. 12.5கேயோடு இணையாகப் போட்டால் 8கே. வெட்டு 9.4 இல்லை, 15 கிலோஹெர்ட்ஸ் பக்கம். சப்பின் உள்ளீடும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் மேலே போகும்.


லாஸ்பேட்டை ஓம்

கணக்கு சரி. அப்படியும் 10 கிலோஹெர்ட்ஸிலேயே ஒன்றரை டெசிபல் போய்விடும், காதுக்குத் தெரியும். தவிர 50கே பாட்டை 22கே உள்ளீட்டின் தலையில் கட்டினால் வால்யூம் திருப்பும் வளைவும் கெடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: வால்யூம் பாட்டுக்கு அடுத்து ஒரு பஃபர் (கேபிளைக் குறைந்த இம்பீடன்ஸில் ஓட்டும் சின்ன சர்க்கிட்). ஒரு என்இ5532 அல்லது டிஎல்072, இரண்டு சேனலுக்கும் சேர்த்து ஒரே ஐசி. வெறும் ஃபாலோயராக (சிக்னலைப் பெருக்காமல் அப்படியே கொடுப்பது), வெளியீட்டில் தொடராக 100 ஓம். அந்த 100 ஓமை விடக் கூடாது. நீளமான கேபிளின் கெபாசிட்டன்ஸ் நேராக ஐசியின் காலில் விழுந்தால் அது ஆசிலேட் ஆகலாம் (தானாகவே அதிரலாம்). 100 ஓம் ஓட்டினால் இந்த 1350 பிகோஃபாரட் வெட்டு 1 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும். அப்புறம் நாலு கோர் போடுங்கள், எட்டு கோர் போடுங்கள், உங்கள் இஷ்டம்.


உப்புக்காற்று (தேவனாம்பட்டினம், கடலூர்)

எல்லோரும் பிகோஃபாரட்டிலேயே நிற்கிறீர்கள். நான் சில்வர் பீச்சிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறேன். இங்கே கேபிள் கெடுவது கணக்கால் இல்லை, காற்றால்.

லேன் கேபிள் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. அது ஆகும், ஒரு சேனலுக்கு ஒரு ஜோடி போதும்: முழு நிறம் நடுப் பின்னுக்கு, கோடு போட்டது பாடிக்கு. நாலு ஜோடியையும் இணைத்தால் கெபாசிட்டன்ஸ் நாலு மடங்காகும் என்பதைத் தவிரப் பெரிய லாபம் இல்லை. ஷீல்டு இல்லாததால் கெடிலக்கரையின் பாட் மாதிரி இடத்தில் போட்டால் கை பக்கத்தில் போனாலே ஹம் வரும். பஃபர் போட்ட பிறகு என்றால் பரவாயில்லை. ஒற்றைக் கம்பி என்பதால் அடிக்கடி வளைக்கும் இடத்துக்கு ஆகாது, ஆர்சிஏ பின்னை ஒட்டிய இடத்தில் முறிந்துவிடும். வாங்கும் முன் பிளேடால் ஒரு கோரைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம். அதை எங்கள் ஊர் காற்றில் பற்றவைத்தால் ஜாயின்ட்டிலிருந்து பொடிந்து வரும். ஈயம் பூசிய செம்பு மேலே வெள்ளையாக இருக்கும், சுரண்டினால் உள்ளே செம்பு தெரியும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். டிஷ் வயரும் அப்படித்தான், பலவற்றில் நடுக்கம்பி செம்பு பூசிய இரும்பு, பின்னல் அலுமினியம். அந்தப் பின்னலில் சால்டர் ஒட்டவே ஒட்டாது.

வெள்ளி முலாம் போட்ட டெஃப்லான் வயர் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிறது என்று நானும் ஒரு செட் பின்னினேன், மூன்று இழையாக. பார்க்க அழகு. முலாமில் ஒரு சின்னக் கீறல் விழுந்து ஈரம் புகுந்தால் போதும், உள்ளே இருக்கும் செம்பு சிவப்பாக அரித்துக்கொண்டே போகும், வெளியே ஒன்றும் தெரியாது. கடலோரத்துக்கு நான் இப்போது சிபாரிசு செய்வது ஈயம் பூசிய செம்புதான். படகுக்கு ஒயரிங் செய்பவர்கள் போடுவதும் அதுவே.

அப்புறம் அந்த டப்பாவில் வரும் மஞ்சள் பசை. நம் ஊரில் எல்லோரும் சால்டர் அயர்னை அதில் முக்கித்தான் வேலை செய்கிறார்கள். பற்றிக்கொள்ளும், சந்தேகமில்லை. ஆனால் அதைத் துடைக்காமல் ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடினால், பசையும் உப்பு ஈரமும் சேர்ந்து உள்ளே பச்சை பூக்கும். பின்னைத் திறந்தால் ஷீல்டு இழைகள் நூல் நூலாக உதிரும். ரோசின் கோர் ஈயம் வாங்குங்கள், பசையே வேண்டாம். போட்டே ஆக வேண்டுமென்றால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் வைத்துத் தேய்த்துக் கழுவிவிட்டு மூடுங்கள். ஹீட் ஷ்ரிங்கில் உள்ளே பசை தடவிய ரகம் உண்டு. பின்னும் உறையும் சேரும் இடத்துக்கு அதைப் போட்டால் காற்று போகாது.

பெஞ்சல் புயலில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றபோது தரையில் கிடந்த கேபிள்களில் அப்படி மூடியவை தப்பின. மற்றவற்றில் தண்ணீர் பின்னல் வழியாகவே உறைக்குள் ஒரு முழம் ஏறியிருந்தது. பஞ்சு நூல் இருக்கிற வயரில் இன்னும் மோசம், நூல் விளக்குத் திரி மாதிரி ஈரத்தை இழுக்கிறது. கெடிலக்கரை, உங்கள் வயரில் பஞ்சு நூல் இருக்கிறது என்றீர்கள். முனையில் அதை ஒட்ட வெட்டிவிட்டு மூடுங்கள்.


ஓ.டி. சவுண்ட்

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. தஞ்சாவூர் பக்கம் நிகழ்ச்சிக்குப் போய் வந்த கேபிளையும் தேவனாம்பட்டினம் மாசிமகத்துக்குப் போய் வந்த கேபிளையும் பின்னைத் திறந்து பார்த்தாலே எது எங்கே போனது என்று சொல்லிவிடலாம்.

தம்பி, பற்றவைக்கிற முறையைச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். முதலில் பின்னின் மூடியையும் ஹீட் ஷ்ரிங்கையும் வயரில் கோத்துவிட்டு அப்புறம் அயர்னைத் தொடு. உலகத்தில் பாதி கேபிள் இதனால்தான் இரண்டு தரம் பற்றவைக்கப்படுகிறது. வெளியுறையை 2 சென்டிமீட்டர் மட்டும் சீவு, கத்தியை அழுத்தாதே, லேசாகக் கீறிவிட்டு வளைத்தால் தானாகப் பிளக்கும். பின்னலைக் கத்தரிக்காமல் ஊசி முனையால் அவிழ்த்து ஒரு பக்கமாக முறுக்கு. வெள்ளை இரண்டையும் அதோடு சேர்த்து முறுக்கி ஈய முலாம் பூசு. நீலம் இரண்டையும் தனியாக முலாம் பூசு. நீலத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் அம்மணமாக விடாதே.

25 வாட் அயர்ன் நடுப் பின்னுக்குப் போதும். பாடிக்குப் போதாது, அது பெரிய உலோகம், சூட்டை இழுத்துவிடும். சூடு போதவில்லையே என்று அயர்னை ரொம்ப நேரம் வைத்து அழுத்தினால் நடுப் பின்னைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் உருகி, பின் சாய்ந்துவிடும். பாடியில் பற்றவைக்கும் இடத்தை ஃபைலால் இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, பெரிய டிப் போட்ட அயர்னை வைத்தால் சட்டென்று பிடிக்கும். அந்த நேரம் பின்னை ஒரு பழைய ஆர்சிஏ சாக்கெட்டில் சொருகி வைத்துக்கொள். நடுப் பின் சாயாது, சூட்டையும் அது இழுத்துக்கொள்ளும். ஈயம் ஆறும் வரை ஒயரை ஆட்டாதே. ஆறின பிறகு பளபளப்பாக இருந்தால் நல்ல ஜாயின்ட், சாம்பல் பூத்து உருண்டையாக நின்றால் திரும்பச் சூடாக்கு.

கடைசியாக மீட்டரை பஸ்ஸரில் (தொடர்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்து: நடுவுக்கு நடு அடிக்க வேண்டும், பாடிக்குப் பாடி அடிக்க வேண்டும், நடுவுக்கும் பாடிக்கும் அடிக்கவே கூடாது. பின்னை ஒட்டிய இடத்தில் வயரை நாலு திசையிலும் மடக்கிக்கொண்டே திரும்பப் பார். மாட்டும்போது ஆம்பை அணைத்துவிட்டு மாட்டு. ஆர்சிஏவில் நடுப் பின் முதலில் தொடும், பாடி அப்புறம்தான் தொடும், அந்த இடைவெளியில் வரும் உறுமலுக்கு ஸ்பீக்கர் போய்விடும்.


கெடிலக்கரை

செய்து முடித்துவிட்டேன். நீலம் நடுவில், வெள்ளையும் ஷீல்டும் பாடியில், இரண்டு முனையிலும். பெட்டிக்குள் என்இ5532 பஃபர், வெளியீட்டில் 100 ஓம். பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் புதுச்சேரியில் கிடைத்தது. சப் கேபிளை மாட்டினாலும் கழற்றினாலும் ட்ரெபிளில் எந்த மாற்றமும் காதுக்குத் தெரியவில்லை.

ஹம் நிலவரம்: சப்பும் ஆம்பும் வேறு வேறு சுவர் பிளக்கில் இருந்தபோது வால்யூம் பூஜ்யத்திலும் கேட்டது. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டையும் போட்டதும் நன்றாகக் குறைந்தது, ஆனால் முழுவதும் போகவில்லை. மீதியைத் தேடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றினேன். டாக்கோடு இணைத்திருக்கும் செட்டாப் பாக்ஸின் பின்னால் இருக்கும் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிய நொடி, சுத்தமாக நின்றது. மாட்டினால் திரும்ப வருகிறது. எர்த் பின் எல்லாம் அப்படியே இருக்கிறது அண்ணே, தொடவில்லை.


லாஸ்பேட்டை ஓம்

கேபிள்காரர் ஒயரின் ஷீல்டு தெருக் கம்பத்தில் ஒரு எர்த்தோடு வருகிறது, உங்கள் வீட்டு எர்த் வேறு. இரண்டுக்கும் இடையே உள்ள வோல்டேஜ் செட்டாப் பாக்ஸ் வழியாக உங்கள் டாக்குக்குள் நுழைகிறது. ஆடியோ கேபிளில் இதற்கு வைத்தியம் இல்லை. செட்டாப் பாக்ஸில் ஆப்டிகல் வெளியீடு இருக்கிறதா என்று பாருங்கள். டாக்கில் ஆப்டிகல் உள்ளீடும் இருந்தால் அந்த இணைப்பை ஒளியில் கொண்டுபோய்விடுங்கள், உலோகத் தொடர்பே அறுந்துவிடும். இல்லாவிட்டால் கோஆக்ஸியல் கேல்வானிக் ஐசொலேட்டர் என்று கேட்டு வாங்கி, கேபிள் டிவி ஒயர் செட்டாப் பாக்ஸில் நுழையும் இடத்தில் போடுங்கள். சாதாரண டிவி ஸ்ப்ளிட்டரைக் கொடுத்து ஏமாற்றுவார்கள். வாங்கும்போது மீட்டரைக் கையோடு கொண்டுபோய் உள்ளே போகும் பாடிக்கும் வெளியே வரும் பாடிக்கும் பஸ்ஸர் அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் அது ஐசொலேட்டர் இல்லை.


கெடிலக்கரை

டாக்கில் ஆப்டிகல் இருக்கிறது, செட்டாப் பாக்ஸில் இல்லை. ஐசொலேட்டர்தான். ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி வருகிறேன், மீட்டரோடு.


குருசுக்குப்பம் ரெக்கார்டு

வரும்போது அந்த நாலு கோர் வயரில் ஒரு இரண்டு மீட்டர் எனக்கும் வெட்டிக்கொண்டு வாருங்கள். ரெக்கார்ட் ப்ளேயருக்கு இல்லை, சிடி ப்ளேயருக்கு.